கொள்ளிவட்டமும் கேமிங் மானிட்டரும்

கொள்ளிக்கட்டையை இருட்டில் வேகமாகச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது. உண்மையில் எந்தக் கணத்திலும் நெருப்பு ஒரே ஓரிடத்தில்தான் இருக்கிறது. வளையத்தைக் கட்டுவது பார்ப்பவரின் மனம். இந்தக் கொள்ளிவட்டத்தை இந்தியத் தத்துவ மரபுகள் பலமுறை எடுத்தாண்டிருக்கின்றன. கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில் நான்காம் பகுதிக்கு ‘அலாத சாந்தி’, அதாவது கொள்ளி அணைதல், என்றே பெயர்.

இந்தச் சிந்தனைக்குச் செங்கல்பட்டு வட்டாரம் அந்நியமல்ல. 1997 வரை காஞ்சிபுரமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பௌத்தத் தருக்கத்தின் முதல்வரான திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்கிறது, திபெத்தியரான தாரநாதர் 1608இல் எழுதி முடித்த வரலாறு. நாளந்தாவின் பேராசான் தர்மபாலரின் ஊர் காஞ்சி என்று குறித்தவர் யுவான் சுவாங். அவர் காஞ்சிக்கு வந்தது சுமார் 640இல். மாமல்லன் என்ற பட்டம் தாங்கிய முதலாம் நரசிம்மவர்மன் அப்போது ஆண்டுகொண்டிருந்தான். எந்தப் பொருளும் இரண்டு கணம் நிலைப்பதில்லை, ஒன்று அழிய அதுபோன்ற இன்னொன்று தோன்றுகிறது, தொடர்ச்சி என்று நாம் காண்பது அந்த வரிசையைத்தான் என்ற கணபங்கக் கொள்கை இந்த மண்ணில் உரத்து வாதிக்கப்பட்டது.

இன்று பொத்தேரி மாணவர் விடுதியிலோ சிறுசேரி ஐடி ஊழியரின் வாடகை வீட்டிலோ கேம் ஆடும் ஒருவர், கணபங்கத்தின் முன்னால்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறார். சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. கிராபிக்ஸ் கார்டோ அப்படிச் சீராக இயங்குவதில்லை. வெறும் சுவரைப் பார்க்கும்போது படம் சட்டென்று தயாராகிறது. புகையும் வெடிப்பும் கூட்டமும் வந்தால் தாமதமாகிறது. பாதி வரைந்த நிலையில் புதுப் படம் வந்து சேர்ந்தால் திரையின் மேற்பாதியில் ஒரு கணமும் கீழ்ப்பாதியில் வேறு கணமும் தெரியும், இதுவே டியரிங். அதைத் தடுக்க வி-சிங்க் போட்டால், தயாரான படம் மானிட்டரின் அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். 45 எஃப்பிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 45 படங்களாக, ஓடும் கேமில் சில படங்கள் 16.7 மில்லி விநாடியும் சில 33.3 மில்லி விநாடியும் நிற்கும். ஓட்டம் திக்கும்.

விஆர்ஆர் எனப்படும் மாறும் புதுப்பிப்பு வீதம் இந்த உறவைத் திருப்பிப் போடுகிறது. படம் எப்போது தயாரோ அப்போது திரை மாறும். கார்டுக்காக மானிட்டர் காத்திருக்கும். 2013 அக்டோபரில் என்விடியா இதை ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தது. மானிட்டருக்குள் தனி மின்பலகை தேவைப்பட்டதால் விலை ஏறியது. 2014இல் வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. அதன்மேல் அமைந்த ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015இல் கடைக்கு வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் அந்தப் பொதுத் தரத்துக்குக் கதவைத் திறந்தது. அதன் பிறகு, ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்த வசதி நடுத்தர விலை மானிட்டரிலேயே கிடைக்கத் தொடங்கியது.

இதில் பழைய வழக்கொன்று ஒளிந்திருக்கிறது. வைசேஷிகர்களுக்குக் காலம் ஒன்பது திரவியங்களில் ஒன்று. எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தனியே, நித்தியமாக இருக்கும். பௌத்தர்களுக்கு நிகழ்ச்சிகளுக்கு வெளியே காலம் என்று ஒரு பொருள் இல்லை. நிலையான 60 ஹெர்ட்ஸ் திரை முதல் கட்சியைச் சேர்ந்தது: படம் வந்தாலும் வராவிட்டாலும் துடித்துக்கொண்டிருக்கும். விஆர்ஆர் திரை இரண்டாம் கட்சியைச் சேர்ந்தது: புதிதாக ஒன்று நிகழ்ந்தால்தான் அதற்குப் புதுக்கணம்.

ஆனால் பௌத்தர் பக்கமே வழக்கு முடிந்துவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சௌத்திராந்திகர் முதலான பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். கணபங்கத்துக்கு எதிராக ஆன்மவாதிகள் காலங்காலமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: எல்லாம் கணத்தில் அழியுமென்றால், முன்பு கண்டதை இப்போது நினைப்பவர் யார்? கேமரின் அனுபவம் இந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கிறது. திக்கல் எந்தத் தனிப் படத்திலும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் பழுதின்றி இருக்கும். முந்தைய படத்தை மனத்தில் ஏந்தி, பொருள் அடுத்து எங்கே இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பவருக்குத்தான் திக்கல் தட்டுப்படும். விஆர்ஆர் தரும் பயன் அங்கேதான் இருக்கிறது. அது கணங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. பார்ப்பவரின் எதிர்பார்ப்புக்கும் வந்து சேரும் படத்துக்கும் இடையே உள்ள முரணைக் குறைக்கிறது.

அப்படியானால் சீரான அசைவுக்கு எவ்வளவு செலவழித்தாலும் தகுமா? மாமல்லபுரத்தின் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இதற்குத் தக்க பதில் வைத்திருக்கிறது. ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லை வளைத்துப் பாய்கிறாள். கதாயுதத்தோடு எருமைத்தலையன் பின்வாங்கிச் சாய்கிறான். எதிர்ச்சுவரில் திருமால் அரவணையில் துயில்கிறார். பல்லவச் சிற்பிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கணம். அந்த ஒன்றைக் கொண்டே போரின் வேகத்தையும் உறக்கத்தின் அமைதியையும் அவன் கல்லில் நிறுத்திவிட்டான். கதையும் கலையும் இல்லாத கேமை 360 ஹெர்ட்ஸ் காப்பாற்றாது.

மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் உபதேசிக்கும் பன்னிரு நிதானங்களில் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்பவை அடுத்தடுத்து வருகின்றன. புலன் பொருளைத் தொடுகிறது. தொடுவதால் இன்பமோ துன்பமோ பிறக்கிறது. அதிலிருந்து ‘இன்னும்’ என்ற தாகம் எழுகிறது. மானிட்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பதை இந்தச் சங்கிலியில் வைத்துப் பார்ப்பது நியாயமான அளவுகோல். நுகர்வில் உள்ள ஒரு துன்பத்தை நீக்கும் செலவு தகுந்த செலவு. கண்ணை உறுத்தும் திக்கலைப் பொறுத்துக்கொள்வதில் தவம் எதுவும் இல்லை. துன்பம் நீங்கிய பிறகும் 165 போதாது, 240 வேண்டும், 360 வேண்டும் என்று ஏறுவது வேட்கையின் வேலை.

நடைமுறையில் இதைக் கண்டறிய ஒரு மாலை போதும். தான் வழக்கமாக ஆடும் கேமில் எஃப்பிஎஸ் எண்ணைத் திரையின் மூலையில் ஓடவிட்டுப் பார்க்கலாம். நடுத்தரக் கார்டில் அந்த எண் 45க்கும் 90க்கும் இடையே அலைந்தால், சென்னை ரிச்சி தெருவில் சில ஆயிரம் அதிகம் கொடுத்தாலும் விஆர்ஆர் அந்த விலைக்குத் தகும். எண் 60இல் அசையாமல் நின்றால் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. விநாடிக்குச் சில நூறு பிரேம்கள் ஓடும் போட்டி விளையாட்டுகளில், தாமதத்தைக் குறைக்க எல்லா சிங்க்கையும் அணைத்துவிட்டு ஆடுபவர்களே பலர். அவர்கள் இதற்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. வாங்குபவர்கள் பெட்டியில் உள்ள உச்ச ஹெர்ட்ஸை மட்டும் பார்க்காமல் கீழ் எல்லையையும் கேட்க வேண்டும்; 48இல் தொடங்கும் மானிட்டரில் அதற்குக் கீழே இறங்கும் பிரேம்களை இரட்டித்துக் காட்டும் வசதி இல்லையென்றால் திக்கல் திரும்பிவிடும். விஏ, ஓஎல்இடி திரைகளில் வீதம் மாறும்போது ஒளியும் சற்று மாறி இருண்ட காட்சிகள் மினுக்குவதுண்டு. அதனால் பணம் கட்டும் முன், கடையிலேயே இருட்டான ஒரு காட்சியை ஓட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.