மலை செய்த குற்றமா?

திருச்சுழிக்கு ஒரு கதை உண்டு. ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது சிவன் தன் சூலத்தால் தரையைத் துளைத்தாராம், வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கிற்றாம், ஊர் பிழைத்ததாம்! ஒரு குடம் நீருக்குக் காத்துக் கிடக்கும் வறண்ட சீமையில், வெள்ளத்தை விரட்டிய பெருமை பேசப்படுகிறது. பேசட்டும். ஆனால் அக்கதைக்குள் ஒளிந்திருக்கும் கருத்தை மட்டும் நாம் விசாரித்தாக வேண்டும். இயற்கை சீறினால் அழிப்பவனும் ஆண்டவன், காப்பவனும் ஆண்டவன். மனிதனுக்கு அதில் பொறுப்பில்லை என்பதே அக்கருத்து.

அதைச் சோதித்துப் பார்க்க வரலாற்றில் ஒரு நகரம் உண்டு. கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக் தீவு. 1853 முதல், கரும்புத் தோட்டங்களில் பாடுபடக் காரைக்கால், புதுச்சேரி வழியே தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்ட தீவு. அதன் செல்வ நகரம் செயின்ட் பியர். அருகே பெலே எரிமலை.

1902 ஏப்ரலில் மலை புகைந்தது. நகரில் சாம்பல் பொழிந்தது. மே 5 அன்று கொதிக்கும் சேற்று வெள்ளம் ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு புதைத்தது. ஆளுநர் குழு அமைத்தார். நகரைவிட்டு வெளியேறத் தேவையில்லை என்று மே 7 அன்று குழு கூறிற்று. மே 11 அன்று தேர்தல் வேறு காத்திருந்தது. கிராமத்தாரோ நகருக்குள் அடைக்கலம் புகுந்தனர். மே 8 காலை எட்டு மணியளவில் மலை வெடித்தது. அனல் வாயுவும் சாம்பலும் கலந்த முகில் பாய்ந்து வந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர், ஆளுநரும் மாண்டார்.

அன்று இயேசு விண்ணேறிய திருநாள். தொழுதவர்கள் கருகினர். தப்பிய மிகச் சிலருள் ஒருவன், சிறையின் தடித்த கற்சுவர் அறையில் அடைபட்டிருந்த சில்பாரிஸ் என்ற கைதி! கர்மம் பேசுவோரே, கணக்குச் சொல்லுங்கள். தொட்டில் குழந்தை செய்த பாவம் என்ன? கைதி சேர்த்த புண்ணியம் என்ன? அவனைக் காத்தது சுவரின் தடிப்பு, வேறொன்றுமில்லை.

1902-இல் எரிமலை அறிவு வளரவில்லையே என்பீர்கள். உண்மை. அறியாமை மன்னிக்கத்தக்கது. அறியாத ஒன்றை, ‘ஆபத்தில்லை’ என்று அறிவிப்பது மன்னிக்கத்தக்கதன்று.

அறிவு வளர்ந்தபின் நடந்தது என்ன? 1991-இல் பிலிப்பைன்சின் பினட்டுபோ மலை முனகியதும், அறிஞர்கள் நில அதிர்வை அளந்தனர், வாயுவை அளந்தனர், அபாய நிலைகளை அறிவித்தனர். பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15 அன்று நேர்ந்த வெடிப்பு, பெலேயினும் பன்மடங்கு பெரிது. அன்றே புயலும் வந்தது. மழையில் நனைந்த சாம்பலின் சுமையால் கூரைகள் சரிந்து சில நூறு பேர் மாண்டனர். ஆயினும், குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது அறிஞர் கணிப்பு. காத்தது சூலமன்று, அளவுகருவி. அதை நம்பிச் செயல்பட்ட நேர்மை.

தோழர்களே! அருப்புக்கோட்டைச் சீமையில் எரிமலை இல்லை. ஆனால் கண்மாய்கள் உண்டு. கரையில் விரிசல் கண்டும் மண் போடாதிருந்து, உடைந்தபின் ‘விதி’ என்று கைவிரிக்கும் வழக்கமும் உண்டு. நம் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் உழைப்பாளர் கருகும்போதும் அதே சொல்தான். விதிமீறலுக்கு விதி என்று பெயர்! அச்சொல் செத்தவனுக்கு ஆறுதல் தருவதில்லை. பொறுப்பாளிக்கு விடுதலை தருகிறது.

மலைக்கு மனச்சான்று இல்லை; அதைக் குற்றக் கூண்டில் ஏற்ற இயலாது. நமக்கு மனச்சான்று உண்டு. விரிசலைக் கண்டவன் வாய் திறக்கட்டும்; கேட்டவன் மண்வெட்டி எடுக்கட்டும்.