கூடவே வரும் அடுப்படி

நண்பர் ஒருவரிடம் பழைய ஆம்னி வேன் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, வங்கிக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை வாய்க்கும்போது, நாங்கள் நாலு பேர் அதில் ஏறிக்கொண்டு எங்காவது போய்விடுவோம். விடுதியில் தங்குவதில்லை, ஓட்டலில் சாப்பிடுவதில்லை என்று ஒரு கொள்கை. தெரிந்தவர் தோட்டத்தில் வண்டியை நிறுத்துவது, தார்ப்பாய் கட்டுவது, அங்கேயே பொங்கித் தின்பது, நடுராத்திரிவரை கவிதையைப் பற்றிச் சண்டை போடுவது. இந்த யாத்திரைகளுக்காக நான் ஒரு பெட்டி செய்தேன். இக்கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது.

பிளைவுட் பெட்டி. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி உயரம். முன்பக்கத்து மூடி சங்கிலியில் கீழே இறங்கி மேசையாக நிற்கும். உள்ளே ஒற்றை அடுப்புக்கு ஒரு தட்டு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பாத்திரங்கள். கத்தி, கரண்டி, இடுக்கி மாட்ட ஆணிகள். அரிசி, பருப்பு, புளிக்கு டின்கள். ஓரத்தில் அஞ்சறைப்பெட்டி அப்படியே நுழையும்படி ஓர் இடம். சிலிண்டர் மட்டும் தனியே வரும். இருட்டிலும் கை தானாகப் போய் மிளகாய்ப்பொடியை எடுக்கும், அவ்வளவு ஒழுங்கு. எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. வீட்டில் ஒரு நாளும் அடுப்படிக்குள் நுழையாதவன், வீட்டைவிட்டுக் கிளம்புவதற்காக ஓர் அடுப்படியைக் கட்டினேன் என்பதிலுள்ள வேடிக்கை அப்போது எனக்குப் படவில்லை.

இப்படிப்பட்ட பெட்டிக்குச் சரித்திரம் உண்டு. 1866-ல் டெக்ஸாஸ் மாட்டுப் பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட வண்டி ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் அறைகளும் இழுப்பறைகளும் வைத்த ஒரு பெட்டியைப் பொருத்தினார். மூடியை இறக்கினால் அதுவே சமையல் மேசை. பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய். வண்டிக்கு அடியில் தொட்டில்போல் கட்டிய மாட்டுத்தோல். போகிற வழியில் அகப்படும் சுள்ளியும் வறட்டியும் அதற்குள் விழும். நூற்றுக்கணக்கான மைல் மாடுகளை ஓட்டிப் போகிறவர்களுக்கு அந்த வண்டிதான் வீடு. சமையல்காரனுக்குத் தலைவனுக்கு அடுத்த மரியாதை. ராத்திரி படுக்குமுன் அவன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பானாம், காலையில் திசை தப்பாமலிருக்க. இன்று அமெரிக்காவில் காரின் பின்கதவைத் திறந்து சமைக்கிறவர்களின் பெட்டிகள் எல்லாம் இந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்.

அதே நாட்டில் அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு அடுப்படி புறப்பட்டது. ஹென்றி ஃபோர்ட், தாமஸ் எடிசன், டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கையைப் பற்றி எழுதிவந்த ஜான் பர்ரோஸ் ஆகியோர் தங்களுக்கு 'நாடோடிகள்' என்று பெயர் சூட்டிக்கொண்டு கோடைதோறும் கார்களில் கிளம்பினார்கள். பர்ரோஸ் 1921-ல் இறந்துபோனார். மற்றவர்கள் 1924 வரை போனார்கள். 1919-ல் அவர்களோடு பெட்ரோல் அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் பொருத்திய தனிச் சமையல் காரே சென்றது. சமைக்க ஆள் உண்டு. 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கும் ஒரு தடவை வந்து உட்கார்ந்தார். காட்டு நடுவில் பெரிய வட்ட மேசையைச் சுற்றி, கழுத்தில் டையோடு, இந்த நாடோடிகள் சாப்பிடும் புகைப்படங்கள் இருக்கின்றன.

இரண்டு வண்டியிலும் அரிசி டின்னுக்குச் சமமான ஏதோ டின் இருந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குட்நைட்டின் வழியில் தட்டுவதற்குக் கதவு இல்லை. (அது யாருமற்ற வெளி என்று சொன்னால் பொய். கோமாஞ்சிகள் அந்தச் சமவெளிகளில் இருந்தார்கள். அவர்களோடு ஏற்பட்ட மோதலில் பட்ட காயத்தால்தான் குட்நைட்டின் கூட்டாளி ஆலிவர் லவிங் 1867-ல் செத்தார். ஆனால் சோறு கேட்கும் உறவு அங்கே இல்லை.) ஃபோர்டின் வழி நெடுக வீடுகள் இருந்தன. முதல் அடுப்பு, கேட்க ஆளில்லாததால் கூடவே போனது. இரண்டாவது, யாரையும் கேட்கவேண்டியிராமல் இருப்பதற்காகப் போனது. முன்னது தேவை. பின்னதை என்னவென்று சொல்வது? சௌகரியம் என்று விட்டுவிடலாம். எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் எங்கள் குடும்பத்திலும் ஒரு பயண அடுப்படி இருந்தது. எங்களுடையது திருநெல்வேலிச் சைவக் குடும்பம். தாத்தா காசிக்குப் போனபோது குமுட்டி அடுப்பு, வெண்கலப் பானை, கூஜா, ஒரு மூட்டை அரிசி, சமைக்க ஒரு ஆள் என்று சகலமும் ரயிலேறின. 'கங்கையைத் தவிர வேறு தண்ணி அந்நியன் கையால் வாங்கிக் குடிக்கலை' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்து, பெரியார் அதை எதிர்த்துப் போராடிய தேசம் இது. தாத்தாவுக்கு அந்தப் பிரிவினைகூடப் போதவில்லை. தமக்கென்று ஒரு சிற்றுண்டிச் சாலையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனார். நான் அவரைக் கேலி செய்து வளர்ந்தவன்.

சென்ற வருஷம் சிறுமலையில் ஒரு எலுமிச்சைத் தோட்டம். எப்போதும் பெட்டியை நிரப்பித் தருபவள் என் மனைவி. அந்தத் தடவை அவள் பிறந்தகம் போயிருந்ததால் நானே நிரப்பினேன். சாயங்காலம் ரசம் கூட்டும்போது தெரிந்தது, உப்பு டின் காலி. இத்தனை வருஷம் அந்த டின் தானாக நிறைந்துகொண்டிருந்தது என்ற பிரமையில் இருந்திருக்கிறேன். என் ஒழுங்கு என்பது பாதி ஆணி. மீதி அவள் ஞாபகம்.

தோட்டத்துக் காவல்காரர் வீடு கூப்பிடு தூரத்தில். நானும் நண்பரும் போனோம். விளக்கு வைத்தாயிற்று. காவல்காரர் இல்லை, அவர் மனைவி வாசலுக்கு வந்தார். 'கொஞ்சம் உப்பு வேணும்மா' என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். 'எங்க வீட்டு உப்பு வாங்குவீங்களா சார்?' என்றார். குத்தலாக அல்ல, சாதாரணமாக, தெரிந்துகொள்வதற்காக. நான் ஏதோ உளறினேன். உள்ளே போய்க் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன். அவர் என் கையில் தரவில்லை. திண்ணையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

விளக்கு வைத்தபின் உப்புக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள், சண்டை வரும் என்று. என் அம்மாவும் உப்பைக் கீழே வைத்துத்தான் தருவாள். ஆக, அது அந்த வழக்கமாக இருக்கலாம். அல்லது, என் போன்றவர்கள் கையைத் தொடக்கூடாது என்று அவருக்கு யாரோ பழக்கிவைத்ததாக இருக்கலாம். அல்லது, நாங்கள்தான் வேண்டாதவர்கள். எங்களைத் தொட அவருக்கு இஷ்டமில்லை. மூன்றுக்கும் செய்கை ஒன்றுதான். எதுவென்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியவில்லை. ஒரு மனிதர் இரண்டடி பின்னால் நகர்வதன் அர்த்தத்தைப் படிக்கத் தெரியாதவன் கவிதையின் மௌனங்களைப் பற்றிப் பத்து வருஷமாக விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் கிளம்பும்போது மிஞ்சிய அரிசி பருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். 'எங்களுடையதை வாங்குவீர்களா' என்று நாங்கள் கேட்கவில்லை என்பது வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் உறைத்தது.

தாத்தாவுக்குத் தீட்டு என்ற சொல் இருந்தது. அது வெளிப்படையான சொல். அதை எதிர்த்துச் சண்டை போடலாம். எனக்குச் சுகாதாரம், சுதந்திரம், யாருக்கும் தொந்தரவில்லாமல் இருத்தல் என்று நல்ல நல்ல சொற்கள். விளைவு ஒன்றே. இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய் ஒருவர் வீட்டிலும் கை நனைக்காமல் திரும்பினோம். தன்னிறைவு என்று நாம் பாராட்டும் குணத்துக்குள் இந்தப் பழைய அடுப்பு எரிந்துகொண்டிருக்கக் கூடும் என்று சொல்ல வருகிறேன்.

வேன் நண்பர் இதை ஒப்பவில்லை. 'பத்து நிமிஷ உப்புக்கு ஒரு தத்துவமா? நாலு தடியன்கள் போய் ஏழை வீட்டில் உலை வைக்கச் சொல்வதுதான் உன் சமத்துவமா? கட்டுச்சோறு கொண்டுபோவது மரியாதை' என்றார். நியாயம்தான். விருந்து என்பது கொடுப்பவனின் குதிருக்குள் கை விடுவது. அதை அனுபவமாக ருசிக்கப் போகிறவனைவிடத் தன் அரிசியைத் தூக்கிப் போகிறவன் மேல். தவிர, அடுப்பைக் கூடவே கொண்டுபோகும் ஆசையை வெறும் அகங்காரம் என்று தள்ளவும் முடியாது. 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள். விதியை மீறி ஏற்றிய சிலிண்டரில் தேநீர் போட முயன்றபோது நேர்ந்தது. தூர தேசத்தில் விடியும்போது தன் வீட்டு ருசியில் ஒரு வாய் தேநீர் வேண்டும் என்பதை எந்த வாயால் கண்டிப்பது? குற்றம் சிலிண்டரை ஏற்றியதில் இருக்கிறது, ஆசையில் இல்லை.

ஆனால் நண்பரின் வாதம் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறது. கொடுப்பவனுக்குச் சுமையாகக் கூடாது என்பது வேறு. கொடுப்பவனாக இருக்கவே அவனை விடாமலிருப்பது வேறு. மிச்ச அரிசியைக் கொடுத்தபோது எங்களுக்கு இருந்த நிமிர்வு, உப்புக் கேட்டபோது இல்லை. கேட்பவன் சற்றுக் குனியவேண்டியிருக்கிறது. அந்தக் குனிவைத் தவிர்ப்பதற்கே நான் பெட்டி செய்தேன் என்று இப்போது படுகிறது. அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு அதுவரை நேரவில்லை. பெட்டி அதைப் பார்த்துக்கொண்டது.

பெட்டியை உடைத்துவிடவில்லை. வரும் தை மாதம் மறுபடி கிளம்புகிறோம். உப்பு டின்னை வேண்டுமென்றே காலியாக வைத்துப் போகலாமா என்று யோசித்தேன், அது நாடகம். நிரப்பித்தான் போவேன், நானே. சிறுமலைக்கே போனால் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி கேட்கவேண்டும் என்று இருக்கிறது. கேட்பேனா என்று இங்கே உட்கார்ந்து உறுதி சொல்ல முடியவில்லை.