அத்தையின் நாடி

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரும் பொருள்களில் இப்போது ஸ்மார்ட் வாட்சும் சேர்ந்துவிட்டது. முதலில் குளுக்கோமீட்டர் வந்தது, பிறகு பிரஷர் பார்க்கும் மெஷின். அவை பீரோவில் கிடக்கும். வேண்டும்போது எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம். வாட்ச் அப்படி இல்லை. ராத்திரி பகலாக உடம்போடு ஒட்டிக்கிடந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்த்ததை எங்கேயோ இருக்கிற இன்னொருவருக்கும் சொல்லிவிடுகிறது. "எந்த வாட்ச் வாங்கலாம்?" என்று கேட்கிற நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அதில் வருகிற எண்ணை முதலில் யார் பார்ப்பது, அப்பாவா, நீங்களா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் என் அத்தையால். மாமா போன பிறகு பெங்களூரில் இருக்கும் மகன் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் வீட்டை விட்டு வரவில்லை. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். மகன் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நான் போயிருந்தபோது அத்தை வளையலை முழங்கை பக்கமாகத் தள்ளிவிட்டு, வாட்சைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடியில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. "இது எதுக்குய்யா எரியுது?"

சொன்னேன். ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மணிக்கட்டில் ரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறைகிறது. துடிப்பு அடங்கும்போது வெளிச்சம் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ, கை சில்லிட்டிருந்தாலோ கணக்கு பிசகும். அத்தை கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ நாடி பாக்குதுன்னு சொல்லு" என்றார். வாட்சை மறுபடி கட்டிக்கொண்டு, திரையில் வந்த 74-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை அந்த எண் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் போனில் மட்டும் அது தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

மகன் அம்மாவின் மேல் உயிராக இருப்பவன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போன் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் "சாப்டியாம்மா?" என்று தொடங்குவான். வாட்ச் வந்த பிறகு, "ஏம்மா, இன்னைக்கு நடக்கவே இல்லியா? முன்னூறு ஸ்டெப்தான் காட்டுது." அன்றைக்கு அத்தை தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வந்திருந்தார். வாக்கரைப் பிடித்த கை அசையாது. கை வீச்சை வைத்துக் காலடி எண்ணுகிற வாட்சுக்கு அந்த நடை பெரும்பாலும் தெரியவே தெரியாது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தவரிடம் நீ நடக்கவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய வருத்தம்! அத்தை என்னிடம் சொன்னது இதுதான்: "எய்யா, என்னயக் கேட்டா நானே சொல்லுவேன்லா."

மகன் வைத்திருந்த இலக்கு பத்தாயிரம் காலடி. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணி ஒன்றை 'மான்போ-கேய்' என்ற பெயரில் விற்றது. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் நாளடைவில் உலகத்துக்கே மருத்துவ விதி மாதிரி ஆகிவிட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 கொண்ட பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகவே குறைவு. காலடி கூடக்கூட அது மேலும் குறைந்தது. 7,500-ஐத் தாண்டியபின் பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டு மாற்றிய அத்தைக்கு எவ்வளவு என்பதை அவரும் பிசியோதெரபிஸ்ட்டும் பேசி முடிவுசெய்ய வேண்டும். பெட்டியிலிருந்து வந்த இலக்கு அவருக்கு ஆகாது.

இதையெல்லாம் சொல்வதால் நான் வாட்சுக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1940-களில் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் நடமாடும் மனிதரின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்ய முதலில் முயன்றபோது முதுகில் சுமந்த கருவி கிட்டத்தட்ட 38 கிலோ எடை. இன்று அந்த வேலையில் ஒரு பங்கை மணிக்கட்டுப் பட்டை செய்கிறது. வயதானவர்களுக்கு அதில் உண்மையான பயன் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாளம் தப்பிய இதயத் துடிப்பு பல பேருக்கு எந்தத் தொந்தரவும் காட்டாமல் வந்து போகும். அது பக்கவாத ஆபத்தைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டுகிறது. முன்கூட்டியே தெரிந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியும். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் ஆப்பிள் வாட்சை வைத்து நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். 2019 நவம்பரில் முடிவு வெளியானது. மொத்தத்தில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது; 65 வயதைத் தாண்டியவர்களில் அது சுமார் 3 சதவீதம். எச்சரிக்கை வந்து, பிறகு நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தத் தாளப் பிசகு பட்டையிலும் பதிவாகியிருந்தது. வந்து வந்து போகிற நோய் என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆக, வாட்ச் எச்சரித்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த வாட்ச்களால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. செய்கிற நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் வலிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. வாட்சைப் பார்த்தால் எல்லாம் பச்சையாக இருக்கிறது, சரி, வாயுவாக இருக்கும் என்று படுத்துவிடுகிற ஆபத்து இருக்கிறதே, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆக்சிஜன் அளவும் இப்படித்தான். 2021 மே மாதத்தில், கொரோனா அலையின்போது, விரல் நுனியில் ஆக்சிமீட்டரை மாட்டி 94 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2020 டிசம்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் நல்ல அளவைக் காட்டியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். ஒளி தோலைக் கடந்துதானே ரத்தத்தைப் பார்க்க வேண்டும்? கறுத்த தோல் உள்ள நாம் மூச்சு வாங்கும்போது எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கும் வாட்ச்களையும் மோதிரங்களையும் வாங்காதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. இன்சுலின் போடுகிறவர் அந்த எண்ணைப் பார்த்து அளவை மாற்றினால் உயிருக்கே கேடு.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற விஷயம். மாமாவின் திதி அன்று ராத்திரி அத்தை தூங்கவில்லை. விடிந்ததும் மகன் கூப்பிட்டு, "ராத்திரி மூணு மணிவரை முழிச்சிருந்திருக்கியேம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டான். அத்தை, "சாயங்காலம் காப்பி கூட ஒரு வாய் குடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த சில ராத்திரிகள் வாட்ச் சார்ஜரிலேயே கிடந்தது.

துக்கம் கொண்டாட ஒரு ராத்திரியாவது தனக்கென்று வேண்டும் என்று நினைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். மகன் கேட்டதும் பாசத்தில்தான். ஆனால் ஒருவர் தானாகச் சொல்வதற்கு முன்பே அவருடைய உடம்பு போய்ச் சொல்லிவிட்டால், மனுஷன் மறைக்கத்தான் பழகுவான். வாட்ச் கழன்றுவிடும், அதனால் கிடைக்கக்கூடிய பாதுகாப்பும் கூடவே போய்விடும். நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் தகவலை எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டத்தை யாரும் நீட்டப் போவதில்லை. இருந்தாலும் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க நமக்குச் சட்டமா வேண்டும்? மறதி நோய் முற்றி வழி தவறிப் போகிறவர்களின் கதை வேறு. அங்கே அவர்களுக்காக நாம்தான் முடிவெடுத்தாக வேண்டும். புத்தி தெளிவாக இருக்கிற எழுபது வயதுக்காரரை அந்த வரிசையில் வைப்பது அநியாயம்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அத்தை வீட்டுக்கு வரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றி, காற்றை இறக்கி, "நூத்தி நாப்பது இருக்கும்மா, உப்பைக் கொஞ்சம் கொறைங்க" என்பார். எண் முதலில் அத்தையின் காதில் விழுகிறது. ஏன் கூடியது என்று அத்தை யோசிக்கிறார், ஊறுகாயைத் தள்ளி வைக்கிறார். வாட்ச் எண்ணும் இந்த வழியில் வந்தால் போதும், எனக்கு வேறு குறை இல்லை.

அத்தையும் மகனும் நானும் உட்கார்ந்து பேசினோம். காலடியும் தூக்கமும் அத்தையிடமே இருக்கட்டும், தாளப் பிசகு எச்சரிக்கையும் விழுந்தால் வரும் செய்தியும் மகனுக்குப் போகட்டும் என்று முடிவானது. எதை யாரோடு பகிர்வது என்று பிரித்து வைக்க வசதி இருக்கிறது. மகன் உடனே ஒத்துக்கொண்டான். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

விழுவதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. உலகத்தில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். விழுந்த அடியைவிட, யாரும் வராமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது பல நேரம் மோசமாக முடிகிறது. பலமாக விழுந்தால் வாட்ச் உணர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் தானாக அழைக்கும். சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். பாத்ரூமுக்கு எழுந்து போகிற ராத்திரி நேரந்தான் ஆபத்து. வாட்சுகளோ அந்நேரம்தான் பெரும்பாலான வீடுகளில் சார்ஜரில் கிடக்கின்றன. அத்தை இப்போது சாயங்காலம் சீரியல் பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, படுக்கும்போது கட்டிக்கொள்கிறார். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வைத்தாயிற்று, விடிவிளக்கும் போட்டாயிற்று.

பிறகு வாசல் கதவு. பழைய தேக்குக் கதவு; உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். ராத்திரி அதைப் போட்டுவிட்டால் பெங்களூருக்குச் செய்தி போய் என்ன பயன், யாராவது கதவை உடைத்துத்தான் உள்ளே வர வேண்டும். ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டைப் பொருத்தினோம். ஒரு சாவி எதிர்வீட்டு மதினியிடம் இருக்கிறது. அவசரத்துக்கு அழைக்கும் பட்டியலிலும் அத்தை அவரைத்தான் முதலில் போடச் சொன்னார். மகன் பெயர் அதற்கு அடுத்ததாக இருக்கிறது.