நிறம் ஒரு குற்றமா?



நான் முன்பிருந்த பங்கில் ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். மூன்று வரன்கள் "பெண் நிறம் மட்டு" என்று தட்டிப்போயின. யார் பேச்சையோ கேட்டு, அவள் ஒரு களிம்பை மாதக்கணக்காய் முகத்தில் பூசினாள். தோல் மெலிந்து சிவந்து, பருக்கள் கிளம்பின. அதில் ஸ்டெராய்டு கலந்திருந்ததென்று மருத்துவர் சொன்னார். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-ல் மத்திய அரசு விதித்தது.

குற்றம் களிம்பினுடையது மட்டுந்தானா? 1975-ல் வந்த 'பேர் அண்ட் லவ்லி', 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. டப்பாவில் பெயர் மாறியது. நம் நாக்கு மாறியதா? பிள்ளை பிறந்ததும் "கறுப்பா, சிவப்பா?" என்கிறோம். "நிறமான பெண்" என்றால் சிவந்தவள் என்றே கொள்கிறோம்; கறுத்தவளுக்கு நிறமே இல்லையா? நானும் தப்பினவனல்ல. ஒரு கலியாண வீட்டில் "மணப்பெண் நல்ல நிறம்" என்று புகழ்ந்தேன். அருகில் நின்ற தங்கை தலைகுனிந்ததைப் பிறகே கண்டேன்.

அறிந்து, மனம் பொருந்திச் செய்வதே பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். தன் நிறத்தை மனம் பொருந்தித் தெரிந்துகொண்டவர் யார்? அது புண்ணியமுமல்ல, குற்றமுமல்ல. சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் நின்றால் நம் வெயில் எத்தகையதென்று தெரியும். அதைத் தாங்கச் சர்வேசுரன் தோலில் வைத்த கவசமே மெலனின் என்னும் கருநிறப் பொருள். கவசத்தைக் கண்டு வெட்கப்படுவானேன்?

"சுவாமி, பிரசங்கம் நல்லதுதான். வரன் வீட்டார் கேட்கிறார்களே!" என்றார் அந்தத் தாய். நியாயமான கேள்வி. அவருக்கு ஒரு மகனும் உண்டு. "அவனுக்கு எப்படிப்பட்ட பெண் தேடுகிறீர்கள், அம்மா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

அந்த மௌனத்தில்தான் நம் எல்லோருடைய ஆத்தும சோதனையும் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவராய் அழுகிறோம். பையனைப் பெற்றவராய் அதே கேள்வியைக் கேட்கிறோம். ஆகையால் பையன் வீட்டாரே, தரகரிடம் நிறத்தை விசாரிக்காதீர்கள். குணத்தையும் பக்தியையும் விசாரியுங்கள். களிம்பு பூசும் பிள்ளைகளே, உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. நீங்களாகத் தொடரவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களே, இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் உங்கள் மகளின் முகத்தை ஒரு தரம் பாருங்கள். குறை தேடாமல் பாருங்கள்.

உங்கள் பங்குக் குரு