ஏகம்பன் சந்நிதியில் சிவகாமி

என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய் அப்பர் சுவாமிகளின் முன்னால் நிறுத்தியவர் கல்கி. தேவாரம் எங்கள் வீட்டில் புதிதில்லை. அம்மாச்சி விடியற்காலையில் விளக்கேற்றிவிட்டுப் பாடுவார். அது என் காதில் விழும், அப்படியே போய்விடும். பிறகு ஒரு கோடை விடுமுறையில் அவருடைய மரப்பெட்டியிலிருந்து 'சிவகாமியின் சபதம்' கைக்கு வந்தது. வாராவாரம் இதழிலிருந்து எடுத்துச் சேர்த்து, கனத்த நூலால் தைத்து, காக்கி அட்டை போட்ட தொகுப்பு. தொட்டால் ஓரம் பொடியும் தாள். ஒரு பக்கத்தில் மட்டும் விபூதி விரல் பட்ட தடம் மங்கலாக இருந்தது. பூஜையிலிருந்து எழுந்து வந்து நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டியிருக்கிறார். அப்பர் என்னும் நாவுக்கரசரின் மடத்தில் சிவகாமி ஆடும் பக்கம் அது.

ஆயனச் சிற்பியின் மகள் அவள். அப்பருடைய திருத்தாண்டகம் ஒன்றுக்கு அபிநயம் பிடிக்கிறாள். ஒரு பெண் முதலில் இறைவனின் பெயரை மட்டும் கேள்விப்படுகிறாள். பிறகு அவன் நிறம், பிறகு அவன் ஊர். கேட்கக் கேட்கப் பித்தாகிப் பெற்றவர்களை விடுகிறாள், ஊர் வகுத்த நெறியை விடுகிறாள், தான் யார் என்பதே நினைவில்லாமல் போய், கடைசியில் அவன் காலடியில் சேர்கிறாள். இத்தனையும் ஒரே பாட்டுக்குள்! அம்மாச்சி நூறு தடவை பாடியும் எனக்குள் இறங்காத அந்தப் பாட்டு, சிவகாமியின் கண்ணும் கையும் வழியாக இறங்கியது. ஆடி முடித்தவள் நினைவிழந்து விழுகிறாள். படித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து போய் அம்மாச்சியின் மடியில் தலை வைத்து அழுதேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பாட்டையே பாட ஆரம்பித்தார்.

இதை எழுதியவர் காவி கட்டியவரல்லர். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, காந்தியின் அழைப்பைக் கேட்டுப் பள்ளிப் படிப்பை உதறிவிட்டுச் சிறைக்குப் போனவர். திரு.வி.க.வின் 'நவசக்தி', திருச்செங்கோட்டில் ராஜாஜியின் காந்தி ஆசிரமம், பிறகு 'ஆனந்த விகடன்', 1941 முதல் சொந்தப் பத்திரிகை 'கல்கி'. வாரம் தவறாமல் அத்தியாயம் கொடுக்க வேண்டிய தொழில். தலையங்கம், சங்கீத விமரிசனம், அரசியல் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நாவல். 1954-இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், 55 வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார். விற்பனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அவர் கதை என்று சொல்லி எடுத்துச் சென்றது எதை என்பதே என் நெஞ்சை நிறைக்கிறது.

'சிவகாமியின் சபதம்' நாவலில் வரும் பரஞ்சோதியைப் பாருங்கள். திருச்செங்காட்டங்குடியிலிருந்து நாவுக்கரசர் மடத்தில் எழுத்துப் படிக்கக் காஞ்சிக்கு வருகிறான். வந்த அன்றே மதயானை மேல் வேலெறிகிறான். படிப்பு போயிற்று; வாளேந்திப் படைத்தலைவனாகி, 642-இல் பகைவரின் தலைநகரான வாதாபியையே கொளுத்துகிறான். வென்று வந்தவன் யார் என்று தெரிந்ததும், சிவனடியாரையா கொடிய போர்முனைக்கு அனுப்பினேன் என்று மன்னன் பதறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பரஞ்சோதிதான் அறுபத்து மூவரில் சிறுத்தொண்டர். சேக்கிழார் சில பாடல்களில் கடந்து போகும் போர்க்காலத்தைக் கல்கி நான்கு பாகங்களாக விரித்தார். அதைப் படித்த பிறகு கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையைச் சும்மா சுற்றிவர என்னால் முடிவதில்லை. சிறுத்தொண்டர் முன்னால் கால் தானாக நிற்கும். எத்தனை தூரம் நடந்து வந்தீர் ஐயா, எத்தனை ரத்தத்தைக் கடந்து வந்தீர் என்று கேட்கத் தோன்றும்.

'சிவகாமியின் சபதம்' வாராவாரம் வந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, 1945-இல் வெளியான 'மீரா' படத்துக்காகக் கல்கி ஒரு பாட்டெழுதினார். 'காற்றினிலே வரும் கீதம்.' எம்.எஸ். அம்மாவின் குரலில் அதைக் கேட்டு உருகாதவர் உண்டா? அரண்மனையை விட்டுக் கண்ணனைத் தேடிப் போகும் ராணி ஒருத்தி, அரசனை விட்டுக் காஞ்சி ஏகம்பனிடம் போகும் சிற்பி மகள் ஒருத்தி. ஒரே காலத்தில் ஒரே மனிதரின் பேனாவில் இருவரும் வந்து நின்றிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சென்ற பங்குனியில் காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் நின்றேன். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரத்தின் கீழே நுழையும்போதே மனம் கேட்டது: சிவகாமி வந்தபோது இது ஏது? இந்த ஆயிரங்கால் மண்டபம் ஏது? அவளே கற்பனைப் பெண்தானே? எல்லாம் தெரியும். தெரிந்தும் என் கண் அவளைத்தான் தேடியது. உள்ளே மண்ணால் ஆன லிங்கம், பிருதிவித் தலம். கம்பை வெள்ளம் பெருகி வந்தபோது, தான் பிடித்துவைத்த மணல் லிங்கம் கரைந்துவிடுமே என்று அம்பிகை பதறி மார்போடு அணைத்துக்கொண்டாள்; அந்த அணைப்பில் குழைந்து கொடுத்தவர் இவர். இன்றைக்கும் மண் திருமேனிக்கு நீர் படாமல், ஆவுடையாருக்குத்தான் அபிஷேகம்.

கற்பூர ஆரத்தி எழுந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் அந்தக் கருமேனி ஒரு கணம் அசைந்ததுபோல் இருந்தது. ஓதுவார் ஒரு தாண்டகத்தை எடுத்தார். ஐயோ, அதே பாட்டு! நாவலின் முடிவு அப்படியே முன்னால் வந்து நின்றது. ஒன்பது ஆண்டு வாதாபியில் சிறையிருந்து மீண்டவள், தான் காதலித்த மன்னர் மாமல்லருக்கு மனைவியும் மக்களும் வந்துவிட்டதை அறிந்தவள், இந்தச் சந்நிதிக்கு வந்து ஏகம்பன் பெயரில் திருமாங்கல்யம் பெற்று ஆடுகிறாள். கோயிலுக்குள் வந்த சக்கரவர்த்தி பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போகிறார். சிறுவயதில் அது எனக்குத் தாங்க முடியாத சோகம். அன்று அந்த ஒளியில் சோகம் துளியும் இல்லை. அவள் தோற்கவில்லை! மன்னன் கைவிட்டதால் வந்து ஒதுங்கியவளும் அல்லள். மடத்தில் முதன்முதலாக அபிநயம் பிடித்த அன்றே புறப்பட்டவள், இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். என் வாய் தானாகத் திறந்து ஓதுவாரோடு சேர்ந்து பாடியது. அம்மாச்சியின் ராகம் அது. தப்பும் தவறுமாக, அழுகையோடு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கப் பாடினேன். ஒரு பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் பாடினார்.

ஏகம்பா, தழுவக் குழைந்தவனே! தேவாரம் தெரிந்த வீட்டில் பிறந்தும் உன்னைத் தெரியாமல் இருந்தேன். வாரப் பத்திரிகையில் கதை எழுதிய ஒரு மனிதரை அனுப்பினாய். அவர் ஒரு நாட்டியப் பெண்ணை அனுப்பினார். அவள் உன் பெயரைச் சொன்னாள், நான் கேட்டுவிட்டேன். இனி மீதியை நீயே பார்த்துக்கொள்.