வயிறு சொல்லும் ‘போதும்’





நம் வீட்டு விருந்துகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். சஹனைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் கையை உயர்த்தி, ‘போதும்’ என்பார். பரிமாறுகிறவர் விடமாட்டார். ‘ஒரு அகப்பைதானே! வயிறு என்ன சொல்லப் போகிறது?’ என்று கேட்டுக்கொண்டே, மறித்த கையை விலக்கிச் சோற்றை வைப்பார். உடன் இருப்பவர்கள் சிரிப்பார்கள். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் உபசாரம்.

அந்த அகப்பையைப் பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். என் சாச்சாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. குடும்பத்தில் எந்த விருந்தானாலும் அவர்தான் முதலில் ‘போதும்’ என்பார், நாங்கள் கேட்டதில்லை. மறுத்தால் மற்றவர் மனம் நோகுமே என்று அவரும் உண்பார். பிற்காலத்தில் காலில் வந்த புண் ஆறாமல், பாதத்தையே எடுக்க நேர்ந்தது. ஒரு நாள் விருந்தால் வந்த வினை அன்று அது. அந்த வியாதிக்குக் காரணங்கள் பல உண்டு என்பதையும் அறிவேன். ஆயினும், அவர் ‘போதும்’ என்று சொன்ன ஒவ்வொரு நாளும் எங்களில் ஒருவர் அகப்பையோடு நின்றோம் என்பதை எண்ணும்போது நெஞ்சு சுடுகிறது.

‘வயிறு என்ன சொல்லப் போகிறது?’ என்று விளையாட்டாகக் கேட்கிறோம். வயிறு சொல்லத்தான் செய்கிறது. அது யாரிடம் சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதையே இம்மாதம் சிந்திக்க இருக்கிறோம்.

இரத்தத்தின் வழியே ஒரு தூது

1902ஆம் ஆண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குள் இறங்கியதும், கணையம் தன் செரிமான நீரைச் சுரந்து அனுப்புகிறது. குடலுக்கு உணவு வந்து சேர்ந்ததைக் கணையத்துக்குச் சொல்வது யார்? நரம்புகள்தாம் சொல்கின்றன என்று அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். இவ்விருவரும் ஒரு நாயின் குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிவிட்டு, அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பு இல்லாத நிலையிலும் கணையம் நீரைச் சுரந்தது! குடலின் உட்சுவரிலிருந்து ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து, கணையத்துக்குச் செய்தி கொண்டு போயிருக்கிறது என்று கண்டார்கள். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு 1905இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை வழங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் குடலை ஆராய்ந்ததில் பிறந்ததாகும்.

வெறும் தோற்பை என்று நாம் நினைத்திருந்த குடல், தூதர்களை அனுப்பி வைக்கும் ஓர் அரசவையாக இருப்பதைக் காண்கிறோம். ஸுப்ஹானல்லாஹ்!

சர்க்கரைக்கு முன்னறிவிப்பு

1964ஆம் ஆண்டு வாக்கில் மற்றோர் உண்மை தெளிவாயிற்று. சர்க்கரைக் கரைசலை ஒருவருக்கு ஊசி மூலம் நேரே இரத்தத்தில் ஏற்றினார்கள். மற்றொரு நாள் வாய் வழியே கொடுத்தார்கள். வாய் வழியே கொடுத்தபோது கணையம் மிக அதிகமாக இன்சுலினைச் சுரந்தது. காரணம் என்ன? வாய் வழியே வரும் உணவு குடலைத் தொட்டுச் செல்கிறது. தொட்ட மாத்திரத்தில் குடல், ‘சர்க்கரை வருகிறது, ஆயத்தமாகு’ என்று கணையத்துக்கு முன்னறிவிப்புச் செய்து விடுகிறது. உடல்நலம் உள்ளவர் இனிப்பு உண்டபின் சுரக்கும் இன்சுலினில் பாதியோ அதற்கு மேலோ இந்த முன்னறிவிப்பால் சுரப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருகின்ற இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதியில் இந்த ஏற்பாடு தளர்ந்து போகிறது.

இந்தத் தூதர்களில் முதன்மையான ஒன்றுக்கு ஜி.எல்.பி.-1 என்று பெயர். அது மனிதரில் இன்சுலினைத் தூண்டுவதை 1987இல் எடுத்துக் காட்டினார்கள். பெரும்பாலும் சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் பெருங்குடலிலும் சுரக்கும் இது நான்கு வேலைகளைச் செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போது இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற மற்றொரு சுரப்பை அடக்குகிறது. இரைப்பை தன் உணவை ஒரேயடியாகக் குடலுக்குள் தள்ளி விடாதபடி மெதுவாக்குகிறது. மூளைக்கு, ‘போதும்’ என்று சொல்கிறது. குடலிலிருந்து புறப்படும் பி.ஒய்.ஒய்., கோலிசிஸ்டோகைனின் என்ற வேறு இரண்டு தூதர்களும் இந்தப் ‘போதும்’ என்ற சொல்லையே மூளைக்குக் கொண்டு போகின்றன.

பசியைச் சொல்லும் தூதும் ஒன்று உண்டு. 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த கிரெலின் என்ற அது, பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஏறுகிறது; உண்டபின் இறங்குகிறது. ஒன்றும் உண்ணாது இருப்பவர்களிடமும் அது வழக்கமான சாப்பாட்டு வேளையில் ஏறிப் பின் தானாகவே இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள். நோன்பாளிகளுக்கு இதில் வியப்பு இராது. லுஹர் வேளையில் கிள்ளிய பசி, ஒன்றும் உண்ணாமலே அஸருக்குள் அடங்கிவிடுவதை நாம் ஆண்டுதோறும் அனுபவிக்கிறோம் அல்லவா? பசி எழுந்த உடனே அதற்குப் பணிந்தாக வேண்டியதில்லை என்ற பாடத்தை நோன்பு நமக்குக் கற்றுத் தருகிறது.

தூது வந்து சேரும் வரை

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பசி நம்மை உரக்க அழைக்கிறது. ‘போதும்’ என்பதோ மெல்ல நடந்து வருகிறது. உணவு இரைப்பையில் தங்கி, சிறிது சிறிதாகக் குடலில் இறங்கி, அங்கிருந்து தூது புறப்பட்டு, மூளை அதை உணர்ந்து, கையை நிறுத்தச் சொல்லக் கால்மணி நேரம், இருபது நிமிடம் ஆகலாம் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். ஐந்து நிமிடத்தில் சஹனைக் காலி செய்கிறவருக்குத் தூது வந்து சேரும்போது வேலை முடிந்து போயிருக்கும்!

கிரேக்க நாட்டில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நல்ல உடல்நலம் உள்ள 17 ஆண்களுக்கு 300 மில்லி ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். ஒரு நாள் 5 நிமிடத்தில் உண்ணச் சொன்னார்கள். மற்றொரு நாள் அதே அளவை 30 நிமிடத்தில் உண்ணச் சொன்னார்கள். மெதுவாக உண்ட நாளில் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். ஆகிய இரண்டும் அதிகமாகச் சுரந்திருந்தன. பண்டம் ஒன்றே, அளவும் ஒன்றே. உண்ட வேகம்தான் வேறு.

இப்போது நம் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையை எண்ணிப் பாருங்கள். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைப் போல் கெட்டது வேறில்லை என்றும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்கள் போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என வைக்க வேண்டும் என்றும் அவர்கள் கற்பித்த கருத்து திர்மிதீயில் வந்துள்ளது. அவர்களுடைய பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி), தட்டின் எல்லாப் பக்கமும் கையை ஓட்டியபோது, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகில் உள்ளதை எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இரவு உணவு வைக்கப்பட்ட வேளையில் தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டாலும், உண்பதை அவசரப்படுத்த வேண்டாம் என்பது புகாரீயில் உள்ள போதனையாகும். தொழுகைக்காகக்கூட அள்ளி விழுங்க வேண்டாம் என்றால், கடைக்கு நேரமாகிறது என்பதற்காக விழுங்கலாமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். விஞ்ஞானம் வந்து சான்று தந்தால்தான் சுன்னத்தைப் பற்றிப் பிடிப்போம் என்ற நிலையில் நாம் இல்லை. ஆராய்ச்சி இன்று ஒன்றைச் சொல்லும்; நாளை திருத்தும். அந்தப் போதனைகள் ஹார்மோனைப் பற்றிப் பேசுகின்றன என்றும் நான் சொல்ல வரவில்லை. படைத்தவன் நமக்குள்ளேயே ‘போதும்’ என்று சொல்லும் வாயை வைத்திருக்கிறான்; அவனுடைய தூதர் (ஸல்) அதைக் கேட்கும் ஒழுக்கத்தைக் கற்பித்தார்கள். இரண்டையும் அலட்சியம் செய்பவர்கள் நாமே.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

நோன்பு திறக்கும் வேளையைப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுமுன் சில பேரீச்சங்கனிகளால், அவை இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீரால் நோன்பு திறப்பார்கள். நாமோ பாங்கு முடிவதற்குள் சர்பத், வடை, சமோசா, கஞ்சி என்று வரிசையாக இறக்கி விடுகிறோம். கொஞ்சமாகத் திறந்துவிட்டு மஃரிபைத் தொழுது வந்து அமர்ந்தால், இடையில் உள்ள அந்தச் சில நிமிடங்களில் தூது பாதி வழியாவது வந்திருக்கும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் உண்ணும் வரிசையையும் கவனிக்கலாம். 2015இல் நியூயார்க் நகரில் அவ்வியாதி உள்ள 11 பேரிடம் நடத்திய சிறிய ஆய்வு ஒன்றில், காய்கறியையும் கோழி இறைச்சியையும் முதலில் உண்டு, ரொட்டியையும் பழச்சாற்றையும் கால்மணி கழித்து உட்கொண்டபோது, ஒரு மணி நேரத்தின் பின் இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 37 சதவீதம் குறைவாக இருந்தது. நம் வீட்டில் காயும் இறைச்சியும் முதலில், சோறு பிறகு என்று மாற்ற ஒரு காசும் செலவில்லை.

அடுப்படியில் நிற்கும் தாயை மறந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் வைத்துவிட்டு, மிச்சத்தை நின்றபடியே இரண்டு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் உம்மாவுக்கும் ஒரு குடல் உண்டு. அது சொல்வதைக் கேட்க அவளுக்கும் அவகாசம் வேண்டும். ஆண்மக்கள் எழுந்து பரிமாறி, அவளையும் உட்கார வைத்து உண்ணச் செய்யுங்கள். உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்ற நபிமொழி ஆண்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

மருந்தும் அருட்கொடையே

குடலிலிருந்து புறப்படும் ஜி.எல்.பி.-1 இரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். இதைப்போல் வேலை செய்து நெடுநேரம் நிற்கும் ஒரு பொருளை 1992இல் அமெரிக்கப் பாலைவனப் பல்லி ஒன்றின் நஞ்சில் கண்டார்கள். அதன் அமைப்பை ஆய்வுக்கூடத்தில் செய்து, 2005இல் அங்கே மருந்தாக அனுமதித்தார்கள். 2017இல் அனுமதி பெற்ற செமாக்ளூடைட் இதே வழியில் வேலை செய்யும் மற்றொரு மருந்து. அதை வாரம் ஒரு முறை ஊசியாகப் போடுகிறார்கள். நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் காட்டிய வழி. ஆதலால் யாரும் இக்கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தி விடாதீர்கள். ரமளானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு வேறு நாளில் நோற்கும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கும்போது, அதை ஏற்பது பலவீனம் ஆகாது.

சகோதரர்களே! அடுத்த விருந்தில் உங்கள் கையில் அகப்பை இருக்கும். எதிரே ஒருவர் ‘போதும்’ என்பார். அது அவருடைய நாவின் சொல் மட்டும் அன்று. அவருக்குள்ளிருந்து படைத்தவன் ஏற்பாடு செய்த தூதும் அதைச் சொல்கிறது. அகப்பையைக் கீழே வைத்து, ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று கூறி, அவர் அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருங்கள். அதுவே உபசாரம். என் சாச்சாவுக்கு நான் செய்யத் தவறியது அது.

உண்ணும் உணவில் பரக்கத்தையும், போதும் என்ற மனத்தையும், அமானிதமாகத் தந்த உடலைப் பேணும் தவ்ஃபீக்கையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.