விலையேற்றமும் பிடியரிசியும்



2023-ம் வருஷம் ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டவே, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கலாயிற்று. அவ்வருஷம் மார்ச்சில் காஸ் சிலிண்டர் 1118 ரூபாய் 50 காசு.

இப்படிப்பட்ட நாளில் அம்பத்தூர், ஆவடி வீடுகளில் முதலாவது குறைவது தாயின் சோறு. அடுத்தது தருமத்துக்கு வைக்கும் பிடியரிசி. (தகப்பனாரின் சிகரெட் கடைசியில்தான்!)

சரேப்தா ஊர் விதவைக்கு மீந்திருந்தது ஒரு பிடி மாவும் சொற்ப எண்ணெயும். அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் எலியாஸ் தீர்க்கதரிசிக்கே முதலில் அப்பம் சுட்டாள். மழை பெய்யுமட்டும் பானையில் மாவு குறையவில்லை, எண்ணெயும் வற்றவில்லை.

ஆகையால் தகப்பன்மாரே, மாதக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். புகையிலும் சினிமாவிலும் முதலில் வெட்டுங்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டபின் கை கழுவுங்கள். பிடியரிசி அரைப்பிடியானாலும், உலையில் போடுமுன் எடுத்து வையுங்கள்.